வெள்ளிக்கிழமை வசூலும் சக்கரம் வைத்த நாற்காலியும்

மனிதனுக்கு முதுகெலும்பில் முப்பத்து மூன்று எலும்புகள் என்று சொல்கிறார்கள். முத்துராஜைப் பொறுத்தவரை அதில் முப்பத்தொன்றுதான் அவருடையது. இடுப்புக்கு மேலே இருக்கிற இரண்டும் கம்பெனிக்குச் சேர்ந்துவிட்டன. பதினோரு வருடமாக அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும் அதற்கு அங்கிட்டும், தார் போட்ட ரோட்டிலும் தார் போட்டதாகப் பலகை வைத்த ரோட்டிலும் பைக் ஓட்டியதில், அந்த இரண்டுக்கும் நடுவே ஆண்டவன் வைத்திருந்த மெத்தை தேய்ந்துபோனது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "பைக்கை விட்டுருங்க" என்றார். "பைக்கை விட்டா வேலையையும் விடணும் சார்" என்றார் முத்துராஜ். டாக்டர் ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து சட்டைக்குள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, காவல் தெய்வம் மாதிரி விறைப்பாகத்தான் ஊர் ஊராகப் போய் வருகிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள், மனுசனுக்கு என்ன கர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் பார்க்கும் தொழிலுக்குப் புத்தகத் தமிழில் நுண்கடன் என்று பெயர். ஊரில் குழு லோனு. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீனாக்கி, தலைக்கு ஐம்பதாயிரம் கொடுத்து, வாரம் ஆயிரத்து நூற்றைம்பதாக ஐம்பது வாரம் வாங்குவது. கணக்குத் தெரிந்தவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தெரியாதவர்களும் கட்டித்தான் ஆக வேண்டும். வருமானம் தருகிற காரியத்துக்கு மட்டுமே கடன் என்பது விதி. ஆகவே திருச்சுழியைத் தாண்டி இருக்கிற கீழமுள்ளிக்குளத்தில், கம்பெனிக் கணக்குப்படி, இருபத்தொன்பது கறவை மாடுகளும் ஐந்து தையல் மிஷின்களும் இரண்டு பெட்டிக்கடைகளும் இருக்கின்றன. நேரில் போனால் ஒரு மாடு இருக்கிறது. அதுவும் பால் வற்றிப்போனது. மற்ற இருபத்தெட்டும் மகள் காதுகுத்தாகவும், மாமியார் ஆபரேஷனாகவும், துபாய் ஏஜெண்டுக்குக் கொடுத்த முன்பணமாகவும், வேறொரு கம்பெனியின் பழைய பாக்கியாகவும் உருமாறி ஊருக்குள் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

முத்துராஜுக்கு வயது முப்பத்தெட்டு. பாளையம்பட்டியில் வாடகை வீடு, மனைவி அனுசியா, ஏழாவது படிக்கிற ஒரு மகள். பெரிய ஆசைகள் கிடையாது. அருப்புக்கோட்டை ரோட்டில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று நாலு சென்ட் வாங்கிப் போட்டவர்கள் அவர் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பினால் முதுகு வலிக்கும். அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. காரியாபட்டி கிளை மேனேஜரின் நாற்காலி.

இதைப் பதவி ஆசை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பதவி வேறு, நாற்காலி வேறு. சம்பளம் மாதம் நாலாயிரம் கூடும் என்று மற்ற பணியாளர்கள் பேசிக்கொண்டபோது முத்துராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு தடவை பாஸ்புத்தகக் கட்டு கொடுக்கக் காரியாபட்டி போயிருந்தார். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நாற்காலி தனியாக இருந்தது. ஐந்து சக்கரம், வலை போட்ட முதுகு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதில் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். முதுகு என்று ஒன்று இருப்பதே அந்தப் பதினோரு நிமிடமும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அனுசியாவிடம் சொன்னபோது கண் கலங்கியது. "சேருக்கா அழுகுறீக" என்று கேட்டுவிட்டு, சோற்றைப் போட்டாள்.

அந்த மேனேஜர் மார்ச்சோடு சிவகாசிக்கு மாறிப் போகிறார் என்று செய்தி வந்தது. வட்டாரத்தில் யாருடைய வசூல் ஆண்டுக் கடைசி வரை நூறு சதவீதமோ அவருக்குத்தான் நாற்காலி என்று பேச்சு. காரியாபட்டிக்கு மதுரை ரோட்டில் எந்த நேரமும் பஸ்ஸு. பைக்கை ஒரேயடியாக விற்றுவிடலாம்.

அப்போதுதான் சென்னையில் இருக்கும் கம்ப்யூட்டர் குறுக்கே வந்தது.

பணியாளர்கள் பெட்ரோலை வீணாக்குகிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம். ஊர்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டுக் குலுக்கி, எந்த ஊருக்கு எந்தக் கிழமை போனால் மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். கீழமுள்ளிக்குளத்துக்கு அதுவரை புதன்கிழமை. கம்ப்யூட்டர் அதை வெள்ளிக்கிழமை ஆக்கியது. வாரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் மிச்சம். உத்தரவு அமலுக்கு வந்த நாள், போன வருடம் ஆடி மாதம் முதல் வெள்ளி.

அன்று முப்பத்தாறு பேரும் மஞ்சள் பூசிக் குளித்து, பூ வைத்து, நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். வசூல் பூஜ்யம். கிழமை மாறிய முதல் வாரம் என்று கம்பெனி அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"வெள்ளிக்கெழம வீட்டுக் காசு வெளிய போனா லச்சுமி போயிருவா தம்பி" என்றார் ஆவுடைத்தாய். குழுவின் தலைவி அவர். ஐம்பது வயது, கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை, குரலும் அந்தப் புகையில் வெந்த குரல்.

"ஒங்க வீட்டுக்கு லச்சுமி என்னைக்குக்கா வந்தா, இன்னைக்குப் போறதுக்கு."

"வரலைன்னாலும், வர்ற வழிய அடைக்கக் கூடாதுல்ல."

முத்துராஜ் வீட்டிலும் வெள்ளிக்கிழமை ஒரு குண்டூசி வெளியே போகாது.

"போன்ல அனுப்புங்க. காசைக் கையால தொடவே வேண்டாம்" என்று பார்த்தார்.

"போன்ல போனா மட்டும் என்ன, போறது போறதுதான" என்றாள் வெள்ளைத்தாய். முன் வரிசையில் உட்கார்கிற இந்தப் பெண் எட்டாவது வரை படித்தவள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று மற்றவர்களுக்கு நம்பிக்கை.

அப்படியானால் வியாழக்கிழமையே எல்லோரும் ஓரிடத்தில் சேர்த்து வைத்துவிடலாம், வெள்ளிக்கிழமை அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. எந்த இடம் என்பதில் ஆய்வு நடந்தது. தலைவி வீடு ஆகாது. முப்பத்தாறு பேர் காசும் வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலைத் தாண்டினால் அவர் கதி என்னாவது. கடை ஆகாது, கல்லாவிலும் லட்சுமி உண்டு. கோயில் ஆகாது, உள்ளே போனது சாமிக்கு. கூட்டம் நடக்கிற இடமோ பழைய பால் சொசைட்டிக் கட்டடம். பால் இல்லாததால் சொசைட்டி மூடிவிட்டது. கதவு போன வருடம் அடுப்புக்குப் போய்விட்டது. கடைசியில், லட்சுமி அண்டாத ஒரே இடம் முத்துராஜின் பைதான் என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஆகவே வியாழன் சாயங்காலமும் அவர் போக வேண்டும். போக வர ஐம்பத்து நாலு கிலோமீட்டர். மிச்சமான ஒன்பதை இதில் கழித்துக்கொள்ளலாம். பெட்ரோல் சொந்தக் காசு. வாங்கிய பணத்தை, வெள்ளிக்கிழமை வசூலித்ததாக வெள்ளிக்கிழமைதான் பதிய முடியும். ஒரு ராத்திரி நாற்பத்தோராயிரத்து நானூறு ரூபாய் அவரிடம் இருக்கும். அன்று வாங்கிய பணம் அன்றே பதிவாகிக் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும், ஒரு ராத்திரி கையில் தங்கினாலும் வேலை போய்விடும் என்பது நியமன உத்தரவின் நாலாவது ஷரத்து. அதைப் படித்துப் பார்த்துத்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தார்.

முதல் வியாழக்கிழமை பையோடு வீட்டுக்குள் நுழைந்தவரை அனுசியா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இந்தக் காசு நாளைக்குக் காலைல வெளிய போகுமா?"

"போகும்."

"ஊர்ல முப்பத்தாறு பொம்பளைக வீட்டுல லச்சுமி நிக்கணும். என் வீட்டுல இருந்து மட்டும் வாராவாரம் நாப்பதாயிரத்தோட எறங்கிப் போகணும். நல்லா இருக்கு நாயம்."

நியாயம் நன்றாகத்தான் இருந்தது. பணம் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில், பூட்டுப் போட்டு, தெருவில் நின்றது. முத்துராஜ் ஜன்னல் ஓரமாகப் பாயைப் போட்டுக்கொண்டார். நாய் குரைத்தால் அவரும் எழுந்தார். இப்படி முப்பது வாரம்.

முப்பது வாரமும் நூறு சதவீதம். வட்டாரத்தில் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்ட ஊர்கள் பத்தொன்பது. மற்ற பதினெட்டும் படுத்துவிட்டன. நின்றது கீழமுள்ளிக்குளம் ஒன்றுதான். மாசி மாதம் சென்னையில் யாரோ கம்ப்யூட்டரில் இந்த ஊரின் கட்டத்தைப் பார்த்து வியந்தார்கள். என்ன ரகசியம் என்று கண்டுபிடித்துவரக் கிருஷ்ணப்ரியா என்ற இளம் அதிகாரியை அனுப்பினார்கள். 'நுண்கடன் நிறுவனங்களின் நிதிச் செயல்பாட்டைத் தீர்மானிக்கும் காரணிகள்' என்ற தலைப்பில் அவர் அறிக்கை எழுதப்போகிறார். வெள்ளிக்கிழமை வருகிறார்.

"ஒன் அதிர்ஷ்டம்லே" என்றார் அருப்புக்கோட்டை கிளை மேனேஜர் இம்மானுவேல். "கூட்டத்தை வீடியோ எடுக்குறாங்களாம். ஒவ்வொருத்தரும் காசைக் குடுக்குறது, நீ எண்ணுறது, பதியுறது, எல்லாம். மத்த கிளைக்கு மாதிரியாப் போட்டுக் காட்டுவாங்களாம். காரியாபட்டி ஒனக்குத்தான்."

முத்துராஜுக்கு முதுகில் ஒரு வெட்டு வெட்டியது.

வெள்ளிக்கிழமை யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். கொடுக்காததைப் படம் பிடித்தால் முப்பது வாரமும் எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நேராகப் பைக் பெட்டிக்குப் போகும். நாற்காலி இருக்கட்டும், நாலாவது ஷரத்து இருக்கிறதே. இரண்டு நாள் யோசித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் போய்ப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு, ஆவுடைத்தாயைத் தனியே கூப்பிட்டார். ஒவ்வொரு பொட்டலமும் காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதி, ஸ்டேப்ளர் அடித்திருக்கும்.

"அக்கா, நாளைக்குக் காலைல இந்தப் பொட்டலத்தையே ஆளுக்கு ஒண்ணாத் திருப்பிக் குடுத்துருவேன். அந்தம்மா வந்த பெறகு, நான் பேரு கூப்புடக் கூப்புட எங்கிட்டக் குடுத்துருங்க. சும்மா பத்து நிமிசம் கையில வச்சிருக்கணும். நாடகம் மாதிரி."

ஆவுடைத்தாய் யோசித்தார். "வீட்டுக்குக் கொண்டு போகல. ஒன் காசை ஒங்கிட்டவே தாரோம். அதுல என்ன இருக்கு. நான் சொல்லிர்றேன், நீ போ."

சாத்திரப்படி பார்த்தால் திட்டத்தில் ஓட்டை ஏதும் இல்லை. அன்று ராத்திரி ஜன்னலோரம் படுத்தவருக்குச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது என்று பிற்பாடு அனுசியாவிடம் சொன்னார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் வண்டியாக இருக்கும் என்றாள் அவள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பால் சொசைட்டிக் கட்டடத்தில் முப்பத்தாறு பேரும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துராஜும் தரையில்தான். பணியாளர் உறுப்பினர்களுக்குச் சமமாகத் தரையில் அமர வேண்டும் என்பது விதி. தரையில் சமமாக உட்கார்ந்து சக்கரம் வைத்த சேருக்கு ஆசைப்படக் கூடாது என்று விதி இல்லை. பெட்டியிலிருந்து பொட்டலங்களை எடுத்து முதலில் வெள்ளைத்தாயிடம் நீட்டினார்.

வெள்ளைத்தாய் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்தப் பக்கத்தில் காசு எது கைக்கு வந்தாலும், நூறு நாள் வேலைக் கூலியானாலும் பஸ்ஸில் கண்டக்டர் தந்த பாக்கிச் சில்லறையானாலும், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அடுத்தவள் ஒற்றினாள். அதற்கடுத்தவள் ஒற்றினாள். ஐந்தாவது ஆள் ஒற்றும்போதுதான் முத்துராஜுக்கு விபரீதம் புரிந்தது. வெள்ளிக்கிழமை காலை, குளித்து, பூ வைத்து, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிய காசு. அது போகிற காசு இல்லை. வந்த காசு. முப்பது வாரமாக வெளியே போகாமல் காத்த லட்சுமி, இன்றைக்கு அவர் கையாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்.

ஆனாலும் மிச்சத்தையும் கொடுத்து முடித்தார். பாதியில் நிறுத்தினால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கிருஷ்ணப்ரியா காரில் வந்து இறங்கினார். இருபத்தாறு வயதுக்குள் இருக்கும். கேமராவை முக்காலியில் மாட்டிவிட்டு, சேர் வேண்டாம் என்று சொல்லிப் பாயிலேயே உட்கார்ந்தார். முத்துராஜுக்கு அது பிடித்திருந்தது. வயது அப்படி, தரை உறுத்தாத வயது. எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். "தவணையைத் தவறாது செலுத்துவோம், ஒருவர் கஷ்டத்தில் ஒருவர் துணை நிற்போம்." முப்பத்தாறு குரலும் ஒரே குரலாக ஒலித்தது. கிருஷ்ணப்ரியாவுக்கு முகம் மலர்ந்தது.

முத்துராஜ் பெயரைக் கூப்பிட்டார். "வெள்ளைத்தாய்."

"இருக்கேன்."

"தவணை."

வெள்ளைத்தாய் பொட்டலத்தை இடுப்பில் செருகிவிட்டிருந்தாள். அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நாளைக்குத் தாரேன் தம்பி."

"நேத்துச் சொன்னதென்ன."

"நேத்து நேத்து. இன்னைக்குக் கைக்கு வந்துருச்சுல்ல."

"முருகலட்சுமி."

"அவ குடுத்தா நானும் குடுப்பேன்."

"அவ குடுக்கலையே."

"அப்ப நான் எதுக்குக் குடுக்கணும். அவ வீட்டுல இருக்கட்டும், என் வீட்டுல இருந்து போகட்டும்னா?"

முத்துராஜ் தலைவியைப் பார்த்தார். ஆவுடைத்தாய் எழுந்து, "ஏய், குடுத்துருங்கடி. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

"மொதல்ல நீ குடு மதினி" என்றாள் வெள்ளைத்தாய்.

ஆவுடைத்தாய் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். கொடுக்கத்தான் கையை நீட்டினார். பாதியில் கை நின்றது. அவர் மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏற்கெனவே வந்த இரண்டு இடத்துக்காரர்களும் பார்த்துவிட்டு, போன் செய்கிறோம் என்று போனவர்கள்தான். அவர் பொட்டலத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, முத்துராஜின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காத தம்பி. ஞாயித்துக்கெழம ஆளு வாராக."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணப்ரியா தன் படிவத்தைப் புரட்டினார். "வாடிக்கையாளரின் திருப்பிச் செலுத்தும் மனநிலைன்னு ஒரு கேள்வி இருக்கு. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடணும். இதுக்கு நான் என்ன போடுறது சார்?"

முத்துராஜ் வாயைத் திறக்குமுன் முருகலட்சுமி சொன்னாள். "நாளைக்குன்னு போடும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். ஏமாற்றுகிறவர்களின் சிரிப்பு இல்லை. பணம் முழுசாகக் கையில் இருக்கிறவர்களின் சிரிப்பு. கடன்காரர்களுக்கு அது எப்போதாவதுதான் வாய்க்கும்.

"பணம் இல்லையா இவங்ககிட்ட?" என்று கிருஷ்ணப்ரியா மெதுவாகக் கேட்டார்.

"எல்லார்ட்டயும் இருக்கு மேடம்."

"தர மாட்டேங்கிறாங்களா?"

"நாளைக்குத் தருவாங்க."

"அப்போ முப்பது வாரமா எப்படி வெள்ளிக்கிழமை நூறு சதவீதம்?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் நாலைந்து பொய் தயார் செய்துதான் வைத்திருந்தார். ஆனால் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதுகு, நாற்காலி இனி கிடையாது என்பதை அவரை முந்திக்கொண்டு தெரிந்துகொண்டு முனகத் தொடங்கியிருந்தது. பொய் சொன்னால் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். சுமக்கத் தெம்பில்லை. வியாழக்கிழமைப் பயணம், பைக் பெட்டி, ஜன்னலோரப் பாய், காலையில் கொடுத்த பொட்டலம் எல்லாவற்றையும், ரேஷன் கார்டிலுள்ள பெயர்களைச் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தார்.

கிருஷ்ணப்ரியா எழுந்து போய்க் கேமராவை அணைத்தார்.

"நாலாவது ஷரத்து உங்களுக்குத் தெரியும்ல சார்."

"தெரியும் மேடம்."

"உங்க பெட்ரோலா?"

"ஆமா மேடம்."

"ஏன் சார் இவ்வளவும்?"

"முதுகுக்கு மேடம்" என்றார் முத்துராஜ். கிருஷ்ணப்ரியாவுக்குப் புரியவில்லை.

படிவத்தை மூடிவிட்டு, "பெட்டி விஷயத்தை நான் எழுதல" என்றார் அந்தப் பெண். "கிழமைதான் பிரச்சினைன்னு எழுதுறேன். எந்தக் கிழமை வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை வேண்டாம் மேடம். அது போதும்."

செவ்வாயும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நெருப்பில் கையை வைக்காதே என்கிறவன், கொதிக்கிற எண்ணெயிலும் வைக்காதே என்று வரி போட்டா சொல்லிக்கொண்டிருப்பான். செவ்வாய் வெள்ளி என்றால் இந்தப் பக்கத்தில் ஒரே வார்த்தை. பாதியைச் சொன்னால் மீதி தானாக வந்து சேர்ந்துவிடும். சென்னையில் அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆவுடைத்தாயும் இன்னும் ஏழு பேரும் அருப்புக்கோட்டை கிளைக்கு வந்து இறங்கினார்கள். முப்பத்தாறு பொட்டலமும் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. ஒன்றிலும் ஸ்டேப்ளர் பிரியவில்லை. இம்மானுவேல் எண்ணினார். நாற்பத்தோராயிரத்து நானூறு. ஒரு ரூபாய் குறையவில்லை. பஸ் டிக்கெட் அவர்கள் காசு.

கம்ப்யூட்டர் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஒரே நாளில் ஓர் ஊர் முழுக்க முப்பத்தாறு கணக்கும் நிலுவையில் விழுந்தது என்று சிவப்புக் கட்டம் போட்டது. நூறிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்கு விழுந்த ஊர் வட்டாரத்தில் இதற்குமுன் இல்லை. முத்துராஜின் வருடச் சராசரி தொண்ணூற்றொன்பதே முக்காலுக்கு இறங்கியது. காரியாபட்டி நாற்காலி மதன்குமார் என்ற பையனுக்குப் போனது. அவருடைய வசூல் ஆரம்பத்திலிருந்தே தொண்ணூற்றொன்று. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதற்கு நிலைத்தன்மை என்று பெயராம். மதன்குமாருக்கு வயது இருபத்தேழு, முதுகு இரும்பு.

கிருஷ்ணப்ரியாவின் அறிக்கை அறுபத்து நாலு பக்கம் வந்தது. நிதிச் செயல்பாட்டைத் தீர்மானிக்கும் காரணிகள் பதினேழு என்று அதில் கண்டிருந்தது. நிர்வாகத் திறன், தொழில்நுட்பம், கடன் தொகையின் அளவு, உறுப்பினர் கல்வி, ஊழியர் ஊக்கம் என்று வரிசையாக. ஊழியர் பெட்ரோல் இல்லை. ஊழியர் எலும்பு இல்லை. இருபத்தொன்பது மாடுகளும் உற்பத்திச் சொத்து என்ற தலைப்பில் நலமாக இருந்தன. ஆனால் அந்தப் பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பெட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாற்பத்தோராம் பக்கத்தில், பண்பாட்டுக் காரணங்களால் இந்தப் பகுதிக்கு வெள்ளிக்கிழமை பொருத்தமில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். இதற்காகத் தலைமை அலுவலகம் அவரைப் பாராட்டியது. உடனே நடவடிக்கையும் எடுத்தது. கம்ப்யூட்டர் மறுபடி குலுக்கப்பட்டது.

சித்திரை முதல் கீழமுள்ளிக்குளத்துக்குச் செவ்வாய்க்கிழமை.

முத்துராஜ் உத்தரவை இரண்டு தடவை படித்தார். பெல்ட்டை ஒரு துளை இறுக்கிப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்தார்.

பால் சொசைட்டி வாசலில் ஆவுடைத்தாய் மட்டும் பொட்டலங்களோடு காத்திருந்தார்.

"செவ்வாயாமே. நீ சொல்லலையா அந்தம்மாட்ட?"

"வெள்ளி வேண்டாம்னேன். செவ்வாயைச் சொல்லத் தோணல."

"நல்லா இருக்கு போ. வெயிலு போயி வெக்கை வந்த கதைதான்" என்றவர், உள்ளே போய் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் விரிசல் விட்டு, கம்பியால் கட்டியிருந்தது. "உக்காரு."

"கீழதான் உக்காரணும்க்கா. விதி."

"அது கூட்டத்துக்கு. கூட்டம் நாளைக்குத்தான. இன்னைக்கு நீ கம்பெனிக்காரன் இல்ல. சும்மா வந்திருக்க."

சாத்திரம் அவருக்கு எப்போதும் நன்றாக வரும். முத்துராஜ் பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். சேரின் கால் லேசாக ஆடியது. ஆனால் தாங்கியது. சாய்ந்தார். கண்மாய்க்குள் கருவேலத்துக்கு மேலே கரிமூட்டப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"மக விசயம் என்னாச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"முடிஞ்சிருச்சு. வைகாசில கல்யாணம்." ஆவுடைத்தாய் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ஒங்கிட்டக் குடுத்திருந்தா இது நடந்திருக்குமா, சொல்லு. ஒனக்குப் பாவம் பண்ணிட்டேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருது. ஆனா நடந்திருக்குமா?"

முத்துராஜ் யோசித்துப் பார்த்தார். முப்பது வாரமாக வெள்ளிக்கிழமை காசு கைக்கு வரவில்லை, சம்பந்தமும் அமையவில்லை; அத்தாட்சி ஆவுடைத்தாய் பக்கம்தான் இருந்தது.

"நடந்திருக்காதுக்கா."

"அதான். கல்யாணச் செலவுக்கு ஒரு லோனு போட்டு விடணும் தம்பி. பழசு முடிய நாலு வாரந்தான இருக்கு."

"கல்யாணத்துக்குக் கம்பெனில குடுக்க மாட்டாங்க. போன தடவை ஒங்களுக்குத் தையல் மிஷினுன்னு போட்டோம். இப்ப என்னன்னு போட?"

ஆவுடைத்தாய் யோசிக்கவே இல்லை. "மாடுன்னு போடு."

முத்துராஜ் சேரில் சாய்ந்தபடியே, நிமிராமல், மடியில் படிவத்தை வைத்து முப்பதாவது மாட்டை எழுதத் தொடங்கினார்.